வீட்டு சர்வரும் நம் ஆதார் நகல்களும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி நிரலில் 'கணினிப் பாதுகாப்பு, சில குறிப்புகள்' என்று போட்டிருக்கிறார்கள். உண்மையில் நான் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். நீங்கள் சங்கத்தில் கொடுத்த ஆதார் நகல்களும் வாடகை ஒப்பந்த நகல்களும், சென்ற மாதம் இரண்டு நாட்கள், என் வீட்டு வைஃபையில் இருந்த யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும்படி கிடந்தன. அது எப்படி நடந்தது, எப்படிச் சரி செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் நாலைந்து பேர் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருப்பது எனக்குத் தெரியும்.

சங்க அலுவலகக் கணினியின் ஹார்டு டிஸ்க் போனபிறகு, ஸ்கேன் செய்த காகிதங்களின் ஒரு பிரதியை என் வீட்டில் வைத்திருக்கிறேன். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் உபுண்டு லினக்ஸ் போட்டு, என் மகன் வெளியூர் போகுமுன் அமைத்துக் கொடுத்த சர்வர் அது. சாம்பா என்ற மென்பொருள் வழியாக வீட்டு லேப்டாப், போன் எல்லாவற்றிலிருந்தும் ஃபைல்களைத் திறக்கலாம். சம்பா நெல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எஸ்எம்பி என்பது விண்டோஸ் ஃபைல் பகிரும் முறையின் பெயர். அந்த மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல்லை அகராதியில் தேடியபோது கிடைத்த பெயர் சாம்பா.

உபுண்டு 20.04-க்கு வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. ஆகவே 24.04-க்கு மாறலாம் என்று, புது எஸ்எஸ்டி வாங்கிப் புதிதாகவே நிறுவினேன். ஃபைல்கள் இருந்த பெரிய டிஸ்க்கைத் தொடவில்லை. எங்கள் பெயர்களைச் சேர்த்தேன், ஃபோல்டர்களைப் பகிர்ந்தேன். லேப்டாப்பில் போய்த் திறந்தால் பாஸ்வேர்டே ஏற்கவில்லை. பாஸ்வேர்டைச் சரி செய்தபின் சங்க ஃபோல்டரில் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்தது. நானே உருவாக்கிய ஃபோல்டர்!

அப்போது என் மனைவி தன் லேப்டாப்பிலிருந்து, "உங்க ஃபோல்டர் எனக்குத் திறக்குதே, உங்களுக்கு ஏன் திறக்கல?" என்றாள். அந்தக் கேள்வியிலேயே விடை இருந்தது. எனக்குத்தான் அன்று புரியவில்லை. மறுநாள் பொருளாளர் சார் கணக்குப் பார்க்க வருவதாக இருந்தது. தெரிந்த ஒருவருக்குப் போன் செய்தேன். "எல்லாத்துக்கும் 777 போடுங்க, கெஸ்ட்டையும் திறந்து விடுங்க" என்றார். போட்டேன். உடனே எல்லாம் திறந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டாம் நாள் மாலை, என் மனைவியிடம் இந்தி டியூஷன் படிக்கும் பையன் போனோடு வந்து, "தாத்தா, உங்க கம்ப்யூட்டர்ல எங்க அப்பாவோட ஆதார் கார்டு இருக்கே" என்றான். அவன் தவறாக எதையும் செய்யவில்லை. போனில் ஃபைல் மேனேஜரைத் திறந்திருக்கிறான், அதில் என் சர்வர் தெரிந்திருக்கிறது, தொட்டிருக்கிறான். டியூஷன் பிள்ளைகள் எல்லோருக்கும் எங்கள் வைஃபை பாஸ்வேர்டு தெரியும். அன்றே வலைக்கம்பியைப் பிடுங்கி வைத்தேன்.

777 என்றால் என்ன? லினக்ஸில் படிக்க 4, எழுத 2, இயக்க அல்லது ஃபோல்டருக்குள் நுழைய 1. மூன்றும் சேர்ந்தால் 7. முதல் இலக்கம் சொந்தக்காரருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். அந்த மூன்றாவது ஏழுதான் வினை. அதோடு கெஸ்ட்டையும் திறந்ததால் பாஸ்வேர்டு கேட்பதும் நின்றுவிட்டது. ஸ்ட்ராங் ரூமுக்கு மேனேஜரிடம் ஒரு சாவி, ஹெட் கேஷியரிடம் ஒரு சாவி இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். சாம்பாவின் அனுமதி ஒரு சாவி, டிஸ்க்கில் உள்ள அனுமதி இன்னொரு சாவி. நான் இரண்டையும் பூட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

சரி, முதல் கோளாறு எங்கிருந்து வந்தது? லினக்ஸ் டிஸ்க்கில் சொந்தக்காரரின் பெயரை எழுதுவதில்லை, எண்ணைத்தான் எழுதுகிறது. நம் வங்கிகளில் கோர் பேங்கிங் வந்து கணக்கு எண்கள் மாறியபோது பட்ட பாடு நினைவிருக்கும். ஆள் அதே ஆள், பெயர் அதே பெயர், ஆனால் பழைய எண்ணைச் சொன்னால் கணக்கு வராது. உபுண்டுவில் முதலில் சேரும் ஆளுக்கு 1000, அடுத்தவருக்கு 1001 என்று எண் போகும். பழைய சர்வரில் மகன் 1000, நான் 1001, மனைவி 1002. புதியதில் நான் முதலில் சேர்ந்ததால் 1000, மனைவி 1001. ஆக, மகனுடைய ஃபைல்களுக்கு நான் சொந்தக்காரன், என் ஃபைல்களுக்கு என் மனைவி சொந்தக்காரி, அவளுடைய சமையல் குறிப்புகளுக்கு யாருமே இல்லை. பட்டியல் எடுத்துப் பார்த்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 1002 என்று நின்றது.

இந்தப் பட்டியலுக்கு 'எல்எஸ்' கட்டளையோடு 'மைனஸ் எல்என்' சேர்க்க வேண்டும். அப்போதுதான் எல்லாம் எண்ணாகத் தெரியும். எந்த எண் யாருடையது என்பதை ஃபோல்டரின் உள்ளே இருப்பதைப் பார்த்தே கண்டுபிடித்தேன். பழைய பயனர் பட்டியலை நகல் எடுத்து வைத்திருந்தால், அல்லது அதே எண்களைக் கொடுத்துப் புதிய பயனர்களைச் சேர்த்திருந்தால், இந்த வேலையே இல்லை.

திருத்தும்போது வரிசை முக்கியம். என்னுடைய 1001-ஐ எடுத்த எடுப்பில் 1000 ஆக்கியிருந்தால், மகனுடைய ஃபைல்களோடு கலந்து பிரிக்க முடியாமல் போயிருக்கும். இரண்டு டம்ளரில் உள்ள காபியையும் மோரையும் மாற்ற மூன்றாவது டம்ளர் வேண்டுமல்லவா? முதலில் மகனுக்கு 1003 என்று புதுக் கணக்கு திறந்து, 1000 எல்லாவற்றையும் 1003 ஆக்கினேன். பிறகு 1001-ஐ 1000 ஆக்கினேன், கடைசியாக 1002-ஐ 1001. 'ஃபைண்ட்' கட்டளை பழைய எண்ணுள்ளவற்றைத் தேடித் தரும், 'சிஹெச்-ஓன்' அவற்றை மாற்றும். தொடங்குமுன் 'கெட்-ஃபேக்ல்' கட்டளையால் அன்றைய அனுமதிகள் அனைத்தையும் ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டேன். சார்ஜ் ஒப்படைக்கும்போது எழுதும் பட்டியல் மாதிரி.

அடுத்து 777-ஐ எடுக்க வேண்டும். 'சங்கம்' என்று ஒரு குழு தொடங்கி, என்னையும் பொருளாளரையும் மட்டும் சேர்த்தேன். சங்க ஃபோல்டர்களுக்கு 2770, ஃபைல்களுக்கு 660. முன்னால் உள்ள 2 எதற்கென்றால், யார் புதிதாக ஃபைல் போட்டாலும் அது போட்டவரின் சொந்தக் குழுவுக்குப் போகாமல் சங்கம் குழுவிலேயே சேரும். இது இல்லாவிட்டால் அவர் சேமித்தது எனக்குத் திறக்காது. சாம்பாவிலும் கெஸ்ட்டை மூடி, அந்தக் குழுவுக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். சாம்பாவின் பாஸ்வேர்டு தனி, லினக்ஸின் பாஸ்வேர்டு தனி. புதிதாக நிறுவியதில் சாம்பாவின் பட்டியல் காலியாக இருந்ததுதான் முதல் நாள் அது ஏற்காததற்குக் காரணம்.

இவ்வளவுக்குப் பிறகும் மனைவியின் லேப்டாப் ஒரு மணி நேரம் அடம் பிடித்தது. விண்டோஸ் பழைய பெயரையும் இணைப்பையும் விடாமல் பிடித்திருக்கும். கிரெடென்ஷியல் மேனேஜரில் பழையதை நீக்கி, ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும். கடைசியாக அந்தப் பையனையே கூப்பிட்டு, "இப்போ திறந்து பாருப்பா" என்றேன். பாஸ்வேர்டு கேட்டது. உங்கள் வீட்டிலும் சர்வர், அல்லது ரவுட்டரில் சொருகிய டிஸ்க் இருந்தால், விருந்தாளியின் போனிலிருந்து ஒருமுறை இப்படிப் பாருங்கள்.

அந்த இரண்டு நாளில் வேறு யார் பார்த்தார்கள் என்பதைக் காட்டும் பதிவு என் சர்வரில் இல்லை. அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். செயலாளரிடம் கேட்டு, முழு எண் தெரியும் ஆதார் நகல்களை என் டிஸ்க்கிலிருந்து அழித்துவிட்டேன். ஆதார் இணையதளத்திலேயே கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் நகல் கிடைக்கிறது, சங்கத்துக்கு அது போதும். எடுக்கத் தெரியாதவர்கள் ஞாயிறு காலை 10 மணிக்குமேல், ஆதாரோடு இணைத்த போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வரலாம். காபி உண்டு.