பஸ்ஸில் வந்தால் குமட்டுமா?



மயக்க டாக்டர் பேச வந்தால் சபையே தூங்கிவிடும் என்பார்கள்; சுருக்கமாகவே சொல்கிறேன்.

முழு மயக்கத்தில் ஆபரேஷன் ஆனவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் குமட்டலோ வாந்தியோ வருகிறது. "வாந்திதானே, தானா நின்னுடும்" என்பது எந்த ஊர் வார்டிலும் கேட்கிற பேச்சு. வயிற்றில் தையலோடு ஓங்கரிக்கும் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்! வலியைக்கூடப் பொறுத்துக்கலாம், இதை முடியாது என்பார்.

1999இல் ஜெர்மனியின் ஆப்ஃபெல் குழுவினர் நான்கே குறிகளைச் சொன்னார்கள். பெண்ணாக இருப்பது, புகை பிடிக்காதவராக இருப்பது, முன்பே இப்படி வாந்தி எடுத்தது அல்லது பயணத்தில் குமட்டுவது, ஆபரேஷனுக்குப் பின் மார்ஃபின் வகை வலிமருந்து. ஒன்றுமே இல்லையென்றால் பத்தில் ஒருவருக்கு வரும், நான்கும் இருந்தால் பத்தில் எட்டுப் பேருக்கு. (இதற்காக யாரும் பீடி பிடிக்கத் தொடங்க வேண்டாம்!)

1985இல் தொடங்கிய நம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இன்று கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி. பெயர் மாறினாலும் பேஷண்ட் அதே பஸ்ஸில்தான் சிதம்பரம் வருகிறார். ஆகவே கேளுங்கள்: "ஏம்மா, கடலூர்லேருந்து பஸ்ல வந்தா குமட்டுமா?" "ஆமாங்க டாக்டர், ஜன்னலோரந்தான் உக்காருவேன்." இதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அவருக்கு மயக்கம் தொடங்கியதும் டெக்ஸாமெதசோன், ஆபரேஷன் முடியும்போது ஒண்டான்செட்ரான் 4 மி.கி. முடிந்தால் மயக்க வாயுவைத் தவிர்த்து, புரோபோஃபாலை நரம்பு வழியாகவே கடைசிவரை ஓட விடலாம். சர்க்கரை நோயாளியானால் டெக்ஸாமெதசோனுக்குப் பின் சர்க்கரையைக் கவனியுங்கள்.

மாணவர்களுக்கு இன்னொன்று. ஒண்டான்செட்ரான் போட்ட ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால், அதையே திரும்பப் போட்டுப் பெரிய பயனில்லை. வேறு வகை மருந்துக்குப் போங்கள்.