ஒன்று குறைந்த இருபது
(உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

எனக்குக் கொடுத்திருக்கும் சில நிமிஷங்களில் ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிச் சொல்கிறேன். டபிள்யூ எழுத்தில் ஆரம்பிக்கும் 'வேய்ன்' என்ற சொல் அது. சந்திரன் தேய்வதற்கு ஆங்கிலத்தில் இதுதான் வார்த்தை, வளர்வதற்கு 'வாக்ஸ்'. செல்வாக்கு, உற்சாகம், உடல் பலம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதையும் இப்படியே சொல்வார்கள். சட்டென்று நின்றுபோகும் எதற்கும் இந்தச் சொல் பொருந்தாது.

பழைய ஆங்கிலத்தில் இது 'வனியன்'. அதோடு சேர்ந்த 'வன' என்பதற்குக் குறைவான, இல்லாத என்று அர்த்தம். நாம் தினமும் சொல்லும் 'வான்ட்' இதற்கு உறவு. ஸ்காண்டிநேவியாவிலிருந்து இங்கிலாந்தில் வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த சொல் அது. அதற்கும் முதல் பொருள் குறைபாடுதான். வி எழுத்தில் ஆரம்பித்து, வீண் என்று பொருள்படும் இன்னொரு 'வேய்ன்' லத்தீன் வழியாக வந்த தூரத்து உறவு.

நமக்குத் தெரிந்த உறவும் ஒன்று உண்டு. ஸம்ஸ்கிருதத்தில் 'ஊன' என்றால் குறைந்த என்று பொருள். அதையும் இதே குடும்பத்தில்தான் மொழியியல் அறிஞர்கள் சேர்க்கிறார்கள். தமிழில் நாம் சொல்லும் ஊனம் அதிலிருந்து வந்தது. 'ஏகோனவிம்சதி' என்றால் ஒன்று குறைந்த இருபது, அதாவது 19. ஹிந்தியில் 19-க்கு உன்னீஸ், 29-க்கு உன்தீஸ், 59-க்கு உன்ஸட் என்கிறோமே, அந்த 'உன்' இந்த ஊனம்தான். மராத்தியில் ஏகோணீஸ். பழைய ஆங்கிலத்திலும் 'வன'வை வைத்து, 19-ஐ ஒன்று குறைந்த இருபது என்று சொன்னதுண்டு.

இந்தக் கணக்கில் ஒரு விசேஷம் கவனியுங்கள். பேரில் சொல்வது குறைந்த ஒன்றை. கையில் இருப்பதோ பத்தொன்பது.

வயதானவர்கள் விஷயத்திலும் நாம் இப்படித்தான் பேசுகிறோம். காது மந்தம், முழங்கால் வலி, பேர் மறந்துபோகிறது என்று குறைந்ததை மட்டுமே அடுக்குகிறோம். "பாட்டிக்கு இப்போ ஒண்ணும் தெரியாது" என்று குழந்தைகள் எதிரிலேயே சொல்லிவிடுகிறோம். நேற்று வந்தவர் பெயர் மறந்த அதே பாட்டிக்கு, வற்றல் குழம்பின் பக்குவமும் நாலு தலைமுறை உறவுமுறையும் ஞாபகம் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்?

சொற்ப வித்தியாசத்துக்கு ஹிந்திக்காரர்கள் 'உன்னீஸ்-பீஸ்' என்பார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் போன அந்த ஒன்றை விட்டுவிட்டு, இருக்கும் பத்தொன்பதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேய்வது நடந்துகொண்டுதான் இருக்கும். அதனால் இந்த வாரமே கேளுங்கள்.