மௌனமாக இருந்தால் உரிமை போகும்

(தொழிற்சங்க வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)



பிட்ஸ்பர்க் அமெரிக்காவின் எஃகு நகரம். அதன் பக்கத்திலுள்ள ஹோம்ஸ்டெட்டில்தான் 1892-ல் கார்னெகியின் ஆலைத் தொழிலாளர்கள் பிங்கர்ட்டன் கூலிப்படையை எதிர்த்து நின்றார்கள். பின்னாளில் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எஃகுக் கம்பெனி கட்டிய 64 மாடிக் கட்டடத்தின் உச்சியில் 2008-ல் வேறொரு பெயர்ப் பலகை ஏறியது. அது பிட்ஸ்பர்க் பல்கலைக் கழக மருத்துவ நிலையத்தின் பெயர்.

அங்கே வேலைக்குச் சேருகிறவர் தம் பெயர், விலாசம், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண், பாங்குக் கணக்கு எல்லாவற்றையும் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் வேலை கிடையாது. வேலையில் இருந்தவர்களும் விலகியவர்களுமாக 62,000 பேருடைய விவரங்களைக் கம்ப்யூட்டர் வழியாகப் புகுந்த ஒருவன் திருடிவிட்டான் என்பது 2014-ல் அம்பலமாயிற்று.

இதில் தொழிலாளிக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். அந்நாட்டில் வருமான வரியைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். வருஷ முடிவில் கணக்குக் காட்டினால், கூடுதலாகப் பிடித்தது திரும்பி வரும். திருடனிடம் விவரங்களை விலைக்கு வாங்கியவர்கள் தொழிலாளிகளின் பெயரில் பொய்க் கணக்குக் காட்டினார்கள். சுமார் 17 லட்சம் டாலர் சுருட்டினார்கள். உழைத்தவன் தன் கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அவன் பெயரில் ஏற்கெனவே பணம் பட்டுவாடா ஆகியிருக்கும்!

தொழிலாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். "திருடியது வேறொருவன், நாங்கள் பொறுப்பல்ல" என்பது நிர்வாகத்தின் வாதம். 2015-ல் கீழ்க்கோர்ட்டு வழக்கைத் தள்ளியது. இதை அனுமதித்தால் இப்படிப்பட்ட வழக்குகள் குவிந்துவிடுமாம்! 2017-ல் மேல்கோர்ட்டும் அதையே உறுதிசெய்தது. ஆனால் 1918 அல்ல, 2018 நவம்பரில்தான் பென்சில்வேனியா மாநிலத்தின் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்தது. வேலைக்காக வாங்கிய விவரங்களைத் தக்க கவனத்துடன் பாதுகாப்பது முதலாளியின் சட்டக் கடமை என்று கூறியது.

பிறகு 2021-ல் சமரசம் ஏற்பட்டது. தொகை 26,50,000 டாலர். பெரிய தொகையா? 62,000 பேருக்கு வகுத்துப் பாருங்கள். தலைக்கு 43 டாலர்கூட வராது. திருடனுக்கு 2021-ல் 7 வருஷச் சிறை. நஷ்டப்பட்டவர்கள் காத்திருந்ததும் 7 வருஷம்!

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் இத்தகைய வழக்கு ஒரு சிலர் பெயரில் நடக்கும். தீர்ப்பு எல்லோரையும் கட்டும். சமரசம் ஆனதும் தபாலில் ஒரு அறிவிப்பு வரும். கூடவே ஒரு எண், ஒரு பாரம், ஒரு கடைசித் தேதி. நஷ்டத்தைக் கேட்பவர் வரி இலாகாவின் கடிதம், பாங்குக் காகிதம், செலவுக்கான ரசீது இவற்றை இணைக்க வேண்டும். சமரசம் வேண்டாம், தனியாக வழக்காடுவேன் என்பவரும் குறித்த தேதிக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

ஒன்றும் எழுதாதவர் கதி என்ன? பாரம் கேட்கும் சமரசங்களில் அவருக்குப் பணம் வராது. தனியாக வழக்குப் போடும் உரிமையும் போய்விடும். அவருடைய மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள். இரண்டு வேலை பார்த்துக் களைத்து வருகிறவருக்கு அந்தக் கவரைப் பிரிக்க நேரம் ஏது? அந்தக் களைப்பிலும் நிர்வாகத்துக்கு லாபம் உண்டு.

தோழர்களே, நம்முடைய ஆதார் எண்ணும் பாங்குக் கணக்கும் ஆலை ஆபீஸிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் இருக்கின்றன. இங்கே 2023-ல் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒன்று நிறைவேறியது. தவறு செய்யும் கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். ஆனால் அந்தப் பணம் சர்க்கார் கஜானாவுக்குப் போகும். நஷ்டப்பட்ட தொழிலாளிக்கு ஈடு கொடுக்க அந்தச் சட்டத்தில் வழியில்லை. அதைக் கேட்டுப் பெறுவது நம் வேலை.

ஆகவே இரண்டு காரியங்கள். எந்தக் காகிதம் வந்தாலும் கிழித்தெறியாமல் சங்க ஆபீஸுக்குக் கொண்டுவாருங்கள். படிக்கத் தெரிந்த தோழர் படித்துச் சொல்லட்டும், கடைசித் தேதியைக் குறித்து வைக்கட்டும். வேலைக்காக வாங்கிய நம் விவரங்களுக்கு யார் பொறுப்பு என்று நிர்வாகத்தை எழுத்தில் கேளுங்கள். பிட்ஸ்பர்க் தொழிலாளர்கள் இரண்டு கோர்ட்டில் தோற்றும் மூன்றாவது கோர்ட்டுக்குப் போனார்கள். சேர்ந்து நின்றதால்தான் போக முடிந்தது. நாமும் சேர்ந்து நிற்போம்!