முதல் பன்னிரண்டு வாரங்களும் மூன்று மாத மௌனமும்

(யேர்மனி வாழ் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய சந்திப்பொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கருவுற்ற செய்தியை மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லலாகாது என்பது தமிழ்க் குடும்பங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். நாவூறு பட்டுவிடும் என்பர் சிலர். கரு தங்குமோ தங்காதோ என்ற அச்சமே காரணம் என்று ஒத்துக்கொள்வர் வேறு சிலர். ஊரில் இருந்தவரை அந்த மௌனம் பெண்ணைத் தனிமைப்படுத்தவில்லை. அம்மாவும் மாமியாரும் அருகில் இருந்தார்கள். அடுத்த வளவில் பெரியம்மா இருந்தார். ஒருவரும் சொல்லாமலே முகத்தைப் பார்த்து அறிந்துகொண்டார்கள். டோர்ட்முண்டில் நான்காம் மாடியில், கணவன் இரவு வேலைக்குச் சென்றபின் தனித்திருக்கும் பெண்ணுக்கு அதே மௌனம் வேறு பொருளைத் தருகின்றது. ஊருக்குச் சொல்லாமல் இருப்பது அவரவர் விருப்பம். மருத்துவரிடமும் வேலைத்தலத்திலும் சொல்லாமல் இருப்பதுதான் இங்கே கேள்விக்குரியது.

முதலில் வாரக் கணக்கைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. யேர்மன் மருத்துவர்கள் கர்ப்பத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகின்றார்கள். மாதவிடாய் தள்ளிப்போய்ப் பரிசோதித்துப் பார்க்கும் நாளிலேயே அப்பெண் ஐந்தாம் வாரத்தில் கால் வைத்துவிடுகின்றார். 5+3 என்று எழுதப்பட்டிருந்தால் ஐந்து வாரமும் மூன்று நாளும் நிறைவுற்றன, நடப்பது ஆறாம் வாரம் என்பது பொருள். திருமணமாகி நான்கு வாரந்தானே, ஆறாம் வாரம் எப்படி என்று விரல் மடித்துக் கணக்குப் பார்த்த மாமியார்மாரும் உண்டு! சந்தேகத்துக்கு இங்கே இடமேயில்லை. முதல் இரண்டு வாரங்களில் கரு உருவாகியிருப்பதில்லை, அவை கணக்கு வசதிக்காகச் சேர்க்கப்படுபவை.

இவ்வாரங்கள் எவ்வளவு முக்கியமானவை என்பதை யேர்மனி மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்றது. ஆகன் நகருக்கு அருகிலுள்ள ஸ்ரொல்பேர்க்கைச் சேர்ந்த கிறுனென்தால் நிறுவனம் 1957 ஒக்ரோபரில் கொன்ரர்கான் என்னும் தூக்கக் குளிசையை விற்பனைக்கு விட்டது. பெரும்பாலான காலம் மருந்துச்சிட்டை இல்லாமலே அதனை வாங்கக்கூடியதாக இருந்தது. தீங்கற்றது என நம்பிக் கர்ப்பிணிகள் பலர் தூக்கத்துக்கும் குமட்டலுக்கும் அதை எடுத்தார்கள். கைகால்கள் வளராத குழந்தைகள் பிறக்கத் தொடங்கின. ஹம்பேர்க்கைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் தாய்மாரை ஒவ்வொருவராக விசாரித்து, 1961 நவம்பரில் எச்சரிக்கை எழுப்பினார். அம்மாத இறுதியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் யேர்மனியில் மட்டும் ஏறத்தாழ 5000 குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர். நிறுவனத்தின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது 2012இல்தான்.

லென்ஸ் கண்டறிந்த இன்னொன்றும் உண்டு. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து ஏறத்தாழ 34ஆம் நாள் தொடக்கம் 50ஆம் நாள் வரை எடுக்கப்பட்ட குளிசைகளே இத்தீங்கை விளைவித்தன. மாதவிடாய் தள்ளிப்போய் ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரையான காலம் அது. பல தமிழ்க் குடும்பங்களில் கணவனைத் தவிர வேறெவருக்கும் தெரியாத காலமும் அதுவே.

கொன்ரர்கான் இன்று கடையில் இல்லை. ஆனால் ஊரிலிருந்து பொதியில் வரும் சூரணமும் லேகியமும் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. இத்தகைய தயாரிப்புகள் சிலவற்றில் ஈயமும் பாதரசமும் கண்டறியப்பட்டுள்ளன. தோழி தந்த குளிசையும் அக்கா விட்டுச்சென்ற மிச்ச மருந்தும் கூட அவ்வாறே விலக்க வேண்டியவை. மறுபுறம், தைரோயிட், வலிப்பு, நீரிழிவு ஆகியவற்றுக்கு வழமையாக எடுக்கும் மருந்தைப் பயத்தில் தாமாக நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. மருத்துவரிடம் கேட்டே மாற்ற வேண்டும். பெர்லின் ஷரிற்றே மருத்துவமனையின் எம்பிரியோரொக்ஸ் நிலையம், எந்த மருந்து கர்ப்பகாலத்துக்குப் பொருந்தும் என்ற தகவலைக் கட்டணமின்றி வழங்குகின்றது.

குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய், ஏறத்தாழ ஆறாம் வார முடிவில் மூடிக்கொள்கின்றது. எனவேதான் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் கருவுறுவதற்கு நான்கு வாரம் முன்னரே தொடங்கி 12ஆம் வாரம் வரை எடுக்குமாறு அறிவுறுத்துகின்றார்கள். திருமணத்துக்கு ஆயத்தமாகும் இளையோர் இதைக் குறித்துக்கொள்ளலாம். மூன்றாம் மாதத்தில் தொடங்கும்போது அந்த வேலை முடிந்துபோயிருக்கும்.

உணவில் மாமியார் சொல்வதும் மருத்துவர் சொல்வதும் மோதுவது இயல்பே. பப்பாசிக் காயை விலக்கச் சொல்வதில் நியாயமுண்டு. நன்கு பழுத்த பழம் வேறு. இரத்தம் ஊறும் என்று ஆட்டு ஈரல் சமைத்துக் கொடுப்பதை முதல் மூன்று மாதங்களில் தவிர்க்க வேண்டும். ஈரலில் மிகுதியாக உள்ள விற்றமின் ஏ கருவுக்கு ஆகாது. ஊரில் எவரும் எச்சரித்திராத பொருள்களும் இங்கே உள்ளன: பாணில் பூசி உண்ணும் மெற் என்னும் பச்சைப் பன்றியிறைச்சி, சலாமி, காய்ச்சாத பாலில் செய்த பாற்கட்டி. இவற்றின் வழியே வரும் லிஸ்தீரியா, ரொக்சோபிளாஸ்மா கிருமிகள் கருவைத் தாக்கக்கூடியவை.

உடலில் தோன்றுவன பெரும்பாலும் எதிர்பார்க்கத்தக்கவையே. மார்பு நோவு, அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத களைப்பு. ஆறாம் வாரமளவில் குமட்டல் தொடங்கும். சோறு வடிக்கும் ஆவியும் வெங்காயத் தாளிப்பும் சகிக்க முடியாமற் போகும். பெரும்பாலானோருக்கு 12 முதல் 16 வாரங்களுக்குள் இது தணிந்துவிடும். சமையலறையைக் கணவன் பொறுப்பேற்பதற்கு இதைவிட நல்ல காலம் வாய்க்காது. தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் கறுத்துக் குறைகின்றது என்றால் அது வழமையான மசக்கை அல்ல. மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்தக்கசிவு எதுவாயினும் மருத்துவரிடம் தெரிவிக்கப்பட வேண்டியது. அடிவயிற்றில் ஒரு பக்கக் கடும் வலியுடன் மயக்கமோ தோள்மூட்டு வலியோ சேர்ந்தால், கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம். அப்பொழுது 112ஐ அழைக்கத் தயங்கக்கூடாது.

மருத்துவர் கர்ப்பத்தை உறுதிப்படுத்தியதும் முற்றர்பாஸ் என்னும் கையேடு தருவார். இரத்த வகை, இரத்தச் செறிவு, ருபெல்லா எதிர்ப்பு ஆகியன அதில் பதியப்படும். ஐந்தாம் வாரத்திலேயே ஓடிச்சென்றால் ஒலிவரைப் படத்தில் ஒரு சிறு பை மட்டுமே தெரியும். இதயத்துடிப்பு ஆறாம் ஏழாம் வாரத்தில்தான் தென்படும். காப்புறுதியின் முதல் வழமையான ஒலிவரைப் பரிசோதனை 9 முதல் 12ஆம் வாரத்துக்குள் நடைபெறும். தென்னாசியப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு கூடுதலாக ஏற்படுவதால், 24ஆம் வாரம்வரை காத்திராமல் குடும்ப வரலாற்றைத் தொடக்கத்திலேயே சொல்வது பயன்தரும். தலசீமியா குடும்பத்தில் இருந்தால் அதனையும் சொல்ல வேண்டும். அதனைக் காவுவோரின் சோகை, இரும்புச்சத்துக் குறைவென எளிதில் தவறாகக் கொள்ளப்படுகின்றது.

இவற்றையெல்லாம் டொச்சில் யார் சொல்வது? பல வீடுகளில் பதினான்கு வயது மகளே மொழிபெயர்ப்பாளர். தாயின் மாதவிடாயையும் கருச்சிதைவையும் பிள்ளையின் வாயால் கேட்கவைப்பது தாய்க்கும் கொடுமை, பிள்ளைக்கும் கொடுமை. பெறாமகளோ தோழியோ, வயதுவந்த ஒரு பெண் உடன் செல்லட்டும். ஹெபம்ம எனப்படும் மருத்துவிச்சியின் உதவியும் கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்தே உண்டு. செலவைச் சட்டரீதியான காப்புறுதி ஏற்கின்றது. ஆனால் அவர்கள் கிடைப்பது அரிது. எட்டாம் வாரத்திலேயே தேடத் தொடங்கியவருக்கும் இடம் கிடைக்காமற் போவதுண்டு.

வேலைத்தலம் பற்றியது மிக முக்கியமானது. உணவகச் சமையலறையிலும் துப்புரவுப் பணியிலும் முதியோர் இல்லத்திலும் உழைக்கும் தமிழ்ப் பெண்கள் ஏராளம். தாய்மைப் பாதுகாப்புச் சட்டம் குடியுரிமை பார்ப்பதில்லை. மினிஜொப் செய்பவருக்கும் அது பொருந்தும். ஐந்து கிலோவுக்கு மேல் அடிக்கடியும் பத்துக் கிலோவுக்கு மேல் இடையிடையேயும் தூக்கச் செய்யலாகாது. இரவு பத்து மணிக்குப் பின் வேலை வாங்கலாகாது. வேலை தடைசெய்யப்பட்டால் ஊதியம் குறையாது. வேலை வழங்குநர் அதனைக் காப்புறுதி நிதியிலிருந்து மீளப் பெறுவார். பரீட்சார்த்த காலத்திலும் பணிநீக்கம் செய்ய முடியாது. அறியாமல் நீக்கிவிட்டால், கடிதம் கிடைத்து இரு வாரங்களுக்குள் கர்ப்பத்தைத் தெரிவித்தால் போதும். ஆனால் தெரிவிக்காதவரை மேலாளர் சுமைகளைத் தூக்கச் சொல்லிக்கொண்டேயிருப்பார். சட்டத்தால் அவரைத் தடுக்க இயலாது.

தங்குமோ தங்காதோ என்ற அச்சம் பொய்யன்று. உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் 100க்கு 10 முதல் 15 வரை கலைந்துவிடுகின்றன. பெரும்பாலானவை இந்தப் பன்னிரண்டு வாரங்களுக்குள்ளேயே. அநேகமானவற்றின் காரணம் நிறமூர்த்தப் பிழை. படி ஏறியதோ, நாவூறோ, பப்பாசித் துண்டோ அல்ல. எவருக்கும் சொல்லாதவர் இழப்பையும் எவருக்கும் சொல்ல முடியாமல் மறுநாள் வேலைக்குப் போகின்றார். 2025 யூன் முதலாம் திகதியிலிருந்து, 13ஆம் வாரம் முதல் கருவை இழந்தவருக்கு இரண்டு வாரமும், 17ஆம் வாரம் முதல் ஆறு வாரமும், 20ஆம் வாரம் முதல் எட்டு வாரமும் பாதுகாப்பு விடுப்பு உண்டு. அதற்கு முன்னர் இழந்தவருக்கு இவ்விடுப்பு இல்லை. ஆயினும் மருத்துவர் நோய்விடுப்புச் சான்றிதழ் வழங்கலாம். ஹெபம்மவும் வீடு தேடி வருவார், அதற்கும் காப்புறுதியே பணம் செலுத்துகின்றது.