தடுப்பூசியை எந்தத் தராசில் நிறுப்பது?

(தாராவியில் நடந்த நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தட்டம்மை ஊசிக்குக் குழந்தைகளின் பெயரை எழுத வந்த சுகாதாரப் பணியாளரை, நம் சந்தில் நான்கு வீடுகளில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் கேட்கப் போனோம். "கொரோனா ஊசியால் ரத்தம் உறையும் என்று கம்பெனிக்காரனே கோர்ட்டில் ஒப்புக்கொண்டான். எங்களுக்குப் போட்டது போகட்டும், பிள்ளைக்கு வேண்டாம்" என்றார் ஒரு தாய். இதை அறியாமை என்று தள்ளிவிட நாம் தயாராக இல்லை. அவர் சொன்ன செய்தி பொய்யல்ல.

அஸ்ட்ராஜெனகா கம்பெனி, தன் ஊசியால் மிக அரிதாக ரத்த உறைவு ஏற்படலாம் என்று பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது 2024-இல் பத்திரிகைகளில் வந்தது. நம்மில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு, புனேயில் தயாரான அதே மருந்துதான். ஆனால் இது 2024-இல் கண்டுபிடித்த ரகசியமல்ல. 2021 ஏப்ரலிலேயே ஐரோப்பிய, பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளிப்படையாக அறிவித்தவைதான். நமக்குத்தான் அன்று வரிசையில் நின்றபோது யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. மூன்றாண்டு கழித்துச் செய்தித்தாளில் படித்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதானே தோன்றும்?

சரி, அந்த ஆபத்து எவ்வளவு? 50 வயதுக்குக் கீழே ஏறத்தாழ 50,000 பேருக்கு ஒருவர், அதற்கு மேலே ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் என்று பிரிட்டனில் கணக்கிட்டார்கள். இந்திய அரசாங்கம் 2021 மே மாதம் தந்த கணக்கு இன்னும் குறைவு: 10 லட்சம் டோசுக்கு 0.61. வந்து பதிவான புகார்களை வைத்துப் போட்ட கணக்கு அது. கோலியிலேயே படுத்து இறந்தவர்களை எந்தப் பதிவேட்டில் தேடுவது? ஆகவே பிரிட்டன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இந்த உறைவு பெரும்பாலும் முதல் ஊசி போட்ட சில நாள் முதல் நான்கு வாரத்துக்குள் வருவது. 2021-இல் போட்டுக்கொண்டவர்கள் இன்று அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

தராசில் ஒரு தட்டு இது. மறு தட்டில் வெறுங்காற்றை வைத்துப் பார்ப்பதுதான் நாம் செய்யும் தவறு. அங்கே வைக்க வேண்டியது நோயை. ஊசி வருவதற்கு முன், 65 வயதில் கொரோனா தொற்றியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் இறந்தார்கள். இருபத்தைந்து வயதில் பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற அளவு. அதனால்தான், நோய் தணிந்திருந்த நேரத்தில், வேறு ஊசியும் கையிலிருந்த பிரிட்டன் 2021 ஏப்ரலில் 30 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும், மே மாதத்தில் 40 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் இந்த ஊசியைத் தவிர்த்து வேறு ஊசி போடச் சொன்னது. அதே மே மாதம் நம் நாட்டில் இரண்டாவது அலை. ஆக்சிஜனுக்கு ஜனங்கள் அலைந்த நாட்கள். ஒரே மருந்துதான், வயதும் ஊரும் மாதமும் மாறினால் தராசு வேறு பக்கம் சாய்கிறது.

இதில் நம் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தோல் பதனிடும் வேலையில் ஆயுளைக் கழித்த மூத்த தோழர் ஒருவர், 60 தாண்டியோருக்கு ஊசி தொடங்கிய 2021 மார்ச்சில், "நாலு பேருக்குப் போட்டு எப்படியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்கிறேன்" என்றார். நாம் "உங்கள் இஷ்டம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். ஏப்ரல் கடைசியில் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். மரியாதை என்று நினைத்து நாம் வாயை மூடிக்கொண்டிருந்தோம். கணக்கை எடுத்து அவர் முன் வைத்திருக்க வேண்டும்.

நாம் வாழும் இதே ஊரில் இதற்கு முன்னும் இந்த வழக்கு நடந்திருக்கிறது. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியபோது, ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி ஊசி மருந்து கண்டுபிடித்து, 1897 ஜனவரி 10-ஆம் தேதி முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். பிறகு பைகுல்லா சிறையில், முன்வந்த கைதிகளுக்குப் போட்டார்கள். (கைதி முன்வருவது எவ்வளவு தூரம் மனமொப்பியது என்பது வேறு கேள்வி.) போட்டவர்களிடையே நோயும் சாவும் குறைந்தன. 1902-இல் பஞ்சாபில் முல்கோவால் கிராமத்தில் இந்த ஊசி போட்ட 19 பேர் தனுர்வாதம் வந்து இறந்தார்கள். ஹாஃப்கினை வேலையிலிருந்து விலக்கினார்கள். இறந்த அத்தனை பேருக்கும் மருந்து ஒரே பாட்டிலிலிருந்து போனது. மற்ற பாட்டில்களில் போட்டவர்களுக்கு அந்த நோய் வரவில்லை. கிராமத்தில் பாட்டிலைத் திறந்தபோது உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது. ஹாஃப்கின் மீதான பழி நீங்க 1907 ஆயிற்று. பரேலில் இன்றும் அவர் பெயரில் நிறுவனம் இருக்கிறது. 19 உயிர் போனது பொய்யல்ல. ஆனால் குற்றம் மருந்திலா, திறந்த கையிலா என்று கேட்காமல் விட்டிருந்தால் ஊசியே போயிருக்கும்.

அந்தப் பிளேக்குக்காக 1897-இல் வெள்ளையர் போட்ட தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020-இலும் நம் மேல் பிரயோகித்தார்கள். 2021 ஆகஸ்ட் 15 முதல் இரண்டு ஊசி போட்டு 14 நாள் ஆனவருக்குத்தான் லோக்கல் ரயில் என்றார்கள். இரண்டு ஊசிக்கும் இடையே 12 வாரம் இருக்க வேண்டும் என்பதும் அவர்கள் வைத்த கெடு. ஜூன் கடைசியில் முதல் ஊசி கிடைத்த பையன் அக்டோபர் வரை ரயிலேற முடியாமல் பஸ்ஸுக்குக் கூலியில் பாதியைக் கொடுத்தான். ஊசி போட்ட மறுநாள் காய்ச்சலில் படுத்தால் அந்தக் கூலியும் போயிற்று. இந்தச் செலவெல்லாம் எந்த டாக்டரின் தராசிலும் ஏறுவதில்லை. 2022 மே 2-இல் உச்ச நீதிமன்றம் யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றது. பக்க விளைவு விவரங்களை வெளியிடவும் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில், ஊசியால் இறந்ததாகச் சொல்லப்படுவோருக்கு நஷ்டஈடு தருவது தன் பொறுப்பல்ல, சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்று மத்திய அரசு அதே நீதிமன்றத்தில் கூறியது. கூலிக்காரன் சிவில் கோர்ட்டுக்கு எப்படிப் போவான்? லட்சம் பேர் பிழைக்க ஒருவர் சாகக்கூடும் என்று தெரிந்தே போடும்போது, அந்த ஒருவரின் குடும்பத்தை எல்லோரும் சேர்ந்து தாங்குவதுதானே நியாயம்? இதைக் கேட்கும் உரிமை, போட்டுக்கொண்ட நமக்கு முழுக்க உண்டு.

தட்டம்மைக்கு வருவோம். ஊரில் மணல்வாரி என்போமே, அதுதான். வேப்பிலை கட்டி அம்மனை வேண்டிக்கொள்வதை நாம் தடுக்கவில்லை. ஆனால் நோய் கண்ட குழந்தையோடு ஒரே கோலியில் இருக்கும் ஊசி போடாத பிள்ளைகள் பத்தில் ஒன்பதுக்கு அது தொற்றும். ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு மூளைக் காய்ச்சல் வரும். ஊசியால் வரும் கடும் ஒவ்வாமையோ பத்து லட்சத்தில் ஒன்று. கொரோனா ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 2022-இல் கோவண்டியில் தட்டம்மையால் பிள்ளைகள் செத்ததை நாம் பக்கத்திலிருந்து பார்த்தோம்.

போடும்போது கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டாம். பாட்டிலில் திறந்த நேரம் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். கரைத்த மருந்தை 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். போட்ட பிறகு அரை மணி அங்கேயே உட்காருங்கள். அட்டையை ரேஷன் கார்டோடு வையுங்கள். 9 மாதத்தில் ஒன்று, 16 மாதத்துக்கு மேல் 24 மாதத்துக்குள் இன்னொன்று.

வேலை நாளில் முகாம் வைத்தால் கூலி போகிறது, ஆகவே ஞாயிற்றுக்கிழமை வைக்க வேண்டும், தமிழ் தெரிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று வார்டு சுகாதார அதிகாரிக்கு மனு எழுதியிருக்கிறோம். வாசலருகே மேஜையில் இருக்கிறது. தாய்மார்கள் முதலில் கையெழுத்துப் போடுங்கள். அந்த நான்கு வீட்டுக்கும் நாளை மாலை நாம் மறுபடி போகிறோம். கூட வர விரும்புகிறவர்கள் பெயர் கொடுங்கள்.