அறிதுயிலும் மாக்கோழியும்



பிரியகாரிணி அன்னையார் கண்ட 16 கனவுகளைச் சொல்லாமல் மகாவீரர் பிறப்பு விழா நிறைவுறுவதில்லை. யானை, எருது, சிங்கம் என்று தொடங்கி, பதினொன்றாவதாக அலையெறியும் கடலையும், இறுதியாகப் புகையில்லாத் தீயையும் வரிசை பிசகாமல் சொல்லும் சிறுவர்கள் தமிழ்ச் சமணர் இல்லங்களில் இன்றும் உண்டு. சந்திரகுப்த மன்னன் கண்ட 16 கனவுகளுக்குப் பத்திரபாகு முனிவர் பயன் உரைத்ததும், சிந்தாமணியில் விசயை கண்ட கனவில் அசோக மரம் முறிந்து வீழ, அதன் அடியில் முடியும் எட்டு மாலைகளும் உடைய முளை தோன்றியதும் இந்த அவை நன்கு அறிந்தவையே. இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கனவு தானாக வந்தது. கண்டவர் விழித்த பின்னரே அது கனவு என்று உணர்ந்தார். பொருளைப் பிறர் சொல்லக் கேட்டார்.

இன்று எடுத்துக்கொண்ட பொருள் இதற்கு மாறானது. விழித்திருக்கும் ஒருவர், அறிவின் இழை அறுபடாமல், விழிப்பிலிருந்து நேரே கனவுக்குள் நுழைய முடியுமா? 'இது கனவு' என்ற உணர்வோடு அதனுள் இருக்க முடியுமா? முடியும் என்றால், அங்கே செய்யும் செயலுக்கு வினை உண்டா, இல்லையா? முதலிரண்டு கேள்விகளுக்கு ஆய்வுக்கூடங்கள் விடை சொல்லிவிட்டன. மூன்றாவது கேள்வி சாவகர்களுக்கு உரியது.

தமிழில் இதற்குரிய சொல் பழங்காலம் தொட்டே இருக்கிறது. அறிதுயில் என்பது அச்சொல். அறிந்துகொண்டே துயில்வது. வைணவ மரபில் திருமாலின் பள்ளிகொண்ட நிலைக்கு இச்சொல் வழங்குகிறது. செங்கற்பட்டிலிருந்து கிழக்கே சென்று மாமல்லபுரத்துக் குன்றின் மேல் ஏறினால், கலங்கரை விளக்கத்துக்கு அருகில் உள்ள மகிடாசுரமர்த்தினி மண்டபத்தில் அதைக் கல்லிலேயே காணலாம். ஒரு பக்கச் சுவரில் கொற்றவைக்கும் எருமைத்தலை அசுரனுக்கும் நடக்கும் கடும்போர்; எதிர்ச் சுவரில் பாம்பணை மேல் திருமாலின் துயில். கால்மாட்டில் மது, கைடபர் என்ற இருவர் தாக்க நிற்கின்றனர்; துயில்கின்ற முகத்திலோ கலக்கத்தின் சுவடே இல்லை. போரையும் துயிலையும் எதிரெதிரே நிறுத்திய அந்தச் சிற்பி, துயில்பவர் எல்லாவற்றையும் அறிந்தே கிடக்கிறார் என்பதைக் காட்டிவிட்டார். ஊருக்குள் தலசயனப் பெருமாள் பாம்பணையும் இன்றித் தரையிலேயே பள்ளிகொள்கிறார். கடற்கரைக் கோயிலில் இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே இருந்த பாறையிலேயே செதுக்கிய மற்றொரு பள்ளிகொண்ட உருவம் உண்டு. ஒரே ஊரில் மூன்று அறிதுயில்கள்.

அங்கே செல்லும் சமணர் ஒருவர் கவனிக்கத்தக்க வேறொன்றும் உண்டு. இந்தியா முழுவதும் தேடினாலும் படுத்த கோலத்தில் ஒரு தீர்த்தங்கரர் வழிபாட்டுத் திருவுருவத்தைக் காண்பது இல்லை. அமர்ந்த நிலை அல்லது நின்ற நிலை, இவ்விரண்டே. புத்தரைப் படுத்த நிலையில் வடித்தனர், திருமாலை வடித்தனர், அருகனை வடிக்கவில்லை. அருகனிடம் இல்லாத 18 குற்றங்களுள் உறக்கமும் ஒன்று என்பதே காரணம். செங்கற்பட்டு மாவட்டத்து ஓணம்பாக்கத்துக் குன்றிலும் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் உள்ளன, அவையும் அம்மரபினவே. (மாமல்லபுரத்தின் பெரிய பாறைச் சிற்பமே அஜிதநாதர் புராணத்துச் சகர குமாரர் கதையைக் காட்டுவது என்று மயிலை சீனி. வேங்கடசாமி தனி நூலே எழுதினார். அருச்சுனன் தவம் என்றும் பகீரதன் தவம் என்றும் சொல்வோர் இன்றும் மிகுதி. அவ்வழக்கு இங்கே வேண்டாம்.)

இனி ஆய்வுக்கூடத்துச் செய்தி. உறங்குவோரின் கண்கள் மூடிய இமைக்குள் விரைந்து அசையும் ஒரு கட்டம் உண்டு என்பதை 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் வெளியிட்டனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அக்கட்டத்தில் நிகழ்கின்றன. அப்போது உடலின் தசைகள் செயலற்றுத் தளர்ந்துவிடும். கனவில் ஓடுபவர் படுக்கையில் ஓடாமல் இருப்பது அதனால்தான். கண்கள் மட்டும் அந்தத் தளர்ச்சிக்கு உட்படுவதில்லை. இந்த ஒரு விதிவிலக்கே பெரிய வாயிலாக அமைந்தது. 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவர், ஆலன் வொர்ஸ்லி என்ற தெளிகனவாளரோடு முன்கூட்டியே ஓர் உடன்பாடு செய்துகொண்டார். கனவில் இருப்பதை உணர்ந்தவுடன் வொர்ஸ்லி கண்களை இடமும் வலமும் குறித்த முறையில் அசைக்க வேண்டும். அவர் அசைத்தார், கருவி பதிவு செய்தது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ஸ்டீபன் லபேர்ஜ் தனியே இதையே நிறுவி 1981-இல் வெளியிட்டார். 2021-இல் அமெரிக்கா, ஜெர்மனி, பிரான்சு, நெதர்லாந்து ஆகிய நான்கு நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, கனவு காண்பவரிடம் எளிய கணக்குகளைக் கேட்டு விடையும் பெற்றன. எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை என்று கேட்டால், உறங்கியவாறே கண்ணசைவால் இரண்டு என்கிறார்! 158 முயற்சிகளில் சரியான விடை வந்தது ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவே. ஆயினும், உறக்கத்திலும் கேட்கவும் எண்ணவும் விடை சொல்லவும் இயலும் என்பதை மறுக்க இனி இடமில்லை.

தெளிகனவு இருவழியில் வரும். கனவு நடந்துகொண்டிருக்கும்போதே ஏதோ ஒரு பொருத்தமின்மையைக் கண்டு 'இது கனவு' என்று உணர்வது பலருக்கும் எப்போதாவது நேர்வது. விழிப்பிலிருந்து நேரே நுழைவது அரியது; பயிற்சி வேண்டுவது. படுத்தவுடன் முயன்றால் பெரும்பாலும் கைகூடாது. முதலில் வருவது ஆழ்ந்த உறக்கம். கனவுக் கட்டம் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை மீண்டு வந்து, விடியலை நெருங்க நெருங்க நீளும். ஆகவே இரவு 10 மணிக்கு உறங்கியவர் 3 மணியளவில் எழுந்து, சற்று நேரம் விழித்திருந்து, மீண்டும் படுப்பது வழக்கம். உடலை அசைக்காமல், மூச்சையோ எண்ணிக்கையையோ பற்றிக்கொண்டு, மனத்தை விழிப்பாக வைத்திருப்பார். மூடிய கண்ணுக்குள் முதலில் ஒளிப்புள்ளிகள், கோலங்கள். பின் முகங்கள், துண்டுக் காட்சிகள், யாரோ அழைக்கும் குரல். அவற்றைப் பற்றவும் கூடாது, தள்ளவும் கூடாது. பற்றினால் அவற்றோடு இழுபட்டு நினைவிழந்து உறங்கிவிடுவார். தள்ளினால் முழு விழிப்பு வந்துவிடும். நடுவே நின்றால், துண்டுகள் ஒன்றுகூடி ஓர் இடமாக விரியும். அதனுள் அவர் நடந்து செல்லலாம்.

சாமாயிகம் பழகியவர்களுக்கு இந்த வருணனை புதிதாக இராது. ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடங்கள், எழும் எண்ணங்களை விருப்பும் வெறுப்பும் இன்றிப் பார்த்திருக்கப் பழகியவர், எண்ணத்துக்குப் பதிலாகக் காட்சி எழும்போதும் அவ்வாறே பார்த்திருக்கக் கூடும். 35 எழுத்துப் பஞ்ச நமஸ்காரத்தை மனத்துள் ஓதிக்கொண்டே உறங்கும் வழக்கமும் பல இல்லங்களில் உண்டு. எந்த எழுத்தோடு நினைவு நழுவியது என்பதை ஒருநாள் கவனித்துப் பார்த்தால், விழிப்புக்கும் உறக்கத்துக்கும் இடைப்பட்ட வாயில் எத்தனை வழுக்கலானது என்பது விளங்கும். ஆனால் கனவு வேடிக்கைக்குப் போகும் ஏணியாக மந்திரத்தை ஆக்குவது தகாது. அதற்கு எண்ணிக்கையே போதும்.

இந்த வாயிலைப் பற்றி ஆகமநெறி சொல்வது வியப்புக்குரியது. உறக்கம் என்பது உயிரின் ஓய்வு அன்று. காட்சியை மறைக்கும் தரிசனாவரணீய வினையின் உதயம். அவ்வினையின் ஒன்பது வகைகளுள் ஐந்து உறக்கத்தின் வகைகளே என்று தத்துவார்த்த சூத்திரத்தின் எட்டாம் அத்தியாயம் கூறும். நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி 10-ஆம் நூற்றாண்டில் இயற்றிய கோம்மடசாரத்தின் கர்மகாண்டம் அவற்றின் அடையாளங்களை ஒவ்வொன்றாகத் தருகிறது. நித்திரையில், நடப்பவன் நிற்பான், அமர்வான், சாய்வான். நித்திராநித்திரையில், எழுப்பினாலும் கண் திறக்க மாட்டான். பிரசலாபிரசலையில் வாய்நீர் ஒழுகும், உறுப்புகள் அசையும். ஸ்த்யானகிருத்தியில் உறங்கியவாறே எழுந்து வேலை செய்வான், பேசுவான். துயில்நடை என்று மருத்துவர் கூறும் நிலையை இது அப்படியே ஒத்திருக்கிறது. எஞ்சிய ஒன்று பிரசலை. கண் சற்றே திறந்திருக்க, உறங்கியும், சிறிது சிறிதாக அறிந்துகொண்டிருப்பான் என்பது அதன் இலக்கணம்.

உறங்கியும் அறிதல்! ஆய்வுக்கூடத்தின் தெளிகனவும் பிரசலையும் ஒன்றே என்று உடனே முடிவு கட்டுவது பிழையாகும். பிரசலை மெல்லிய துயில், கண் அரைத் திறப்பு. தெளிகனவோ கனவுக் கட்டத்தின் நடுவில் நிகழ்வது. ஆயினும் விழிப்பிலிருந்து நேரே கனவுக்குச் செல்பவர் கடக்கும் வாயில் பிரசலையைப் பெரிதும் ஒத்தது என்று கொள்ளலாம். உயிரின் இலக்கணம் உபயோகம், அதாவது அறிதலும் காண்டலும். அது எந்நிலையிலும் முற்றும் அழிவதில்லை, மறைக்கத்தான்படும். அப்படியானால் உறக்கத்துள் அறிவு எஞ்சி நிற்பதில் சமண நெறிக்கு வியப்பேதும் இல்லை. கூடவே மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். கனத்த மூன்று உறக்கங்களின் உதயம் ஆறாம் குணஸ்தானத்தோடு நின்றுவிடும். நித்திரையும் பிரசலையுமோ பன்னிரண்டாம் குணஸ்தானத்தின் இறுதிக்கு முந்திய சமயம் வரை தொடரும். அறிந்து உறங்குவதும் மறைப்பின் ஒரு வகையே. வீட்டுநெறியின் உயர்படி என்று அதைக் கொண்டாடுவோர் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

இப்போது மூன்றாவது கேள்வி. கனவில் ஒருவர் மானை வேட்டையாடுகிறார். விழித்ததும் மனம் வருந்துகிறார். அவர் விரும்பிச் செய்யவில்லை; கனவு அவரை இழுத்துச் சென்றது. முனிவர்கள் வைகறையில் செய்யும் பிரதிக்கிரமணத்தில் கனவில் நேர்ந்த பிழைகளுக்கும் இடம் உண்டு. அத்தோடு அது தீர்ந்தது எனலாம். தெளிகனவில் நிலைமை வேறு. 'இது கனவு, இங்கே உயிர் ஏதும் இல்லை, எதையும் செய்யலாம்' என்று அறிந்து, தேர்ந்து, வில்லை எடுக்கிறார். செத்தது எதுவும் இல்லை. குற்றம் உண்டா?

இதற்கு விடை தேடி வெளியே போக வேண்டியதில்லை. யசோதர காவியம் இருக்கிறது. மனைவி அமிர்தமதியின் ஒழுக்கக் கேட்டைக் கண்ட யசோதரன், அதை நேரே சொல்லக் கூசி, ஒரு தீக்கனவு கண்டதாகத் தாய் சந்திரமதியிடம் சொல்கிறான். கதையின் தொடக்கமே ஒரு கனவு, அதுவும் பொய்க்கனவு. தீங்கு நீங்கத் தேவிக்கு உயிர்ப்பலி இடுமாறு தாய் சொல்ல, அவன் மறுக்கிறான். இறுதியில் இருவரும் ஒரு நடுவழி காண்கின்றனர்: மாவினால் செய்த கோழி. அதற்கு உயிரில்லை, குருதியில்லை, வலியில்லை. அதை வெட்டிய வாளுக்கு ஒன்றும் நேரவில்லை. வெட்டிய எண்ணமோ தாயையும் மகனையும் நாயும் மயிலுமாகப் பிறப்பித்து, விலங்குப் பிறவிகளில் அலைக்கழித்தது. கொலை கையில் மட்டும் இல்லை, கருத்தில் இருக்கிறது என்ற பாவ இம்சைக் கொள்கையை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன கதை தமிழில் இல்லை.

தெளிகனவில் எழும் உருவங்கள் அனைத்தும் மாக்கோழிகளே. உயிர் அற்றவை, ஆனால் அவற்றின் மேல் செல்லும் எண்ணம் உண்மையானது. கருத்தற்ற கனவில் நடந்ததற்கும், அறிந்து புகுந்த கனவில் நடந்ததற்கும் உள்ள வேறுபாடு, தவறி மிதித்ததற்கும் குறிவைத்து எறிந்ததற்கும் உள்ள வேறுபாடு போன்றது. கணினி விளையாட்டில் நாள்தோறும் ஆயிரம் உருவங்களைச் சுட்டு வீழ்த்தும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கேட்டுச் சற்று நெளியக்கூடும், நெளியட்டும். இதே அளவுகோல் நல்ல பக்கமும் பொருந்தும். கொடுங்கனவால் வருந்துவோர், அக்கனவுக்குள்ளேயே 'இது கனவு' என உணர்ந்து, துரத்தி வரும் உருவத்தை வெல்ல முயலாமல் அஞ்சாது நின்று பார்க்கப் பழகினால், அச்சம் தணிவதுண்டு. அங்கே காட்டும் பொறுமையும் உண்மையான பொறுமைதான்.

முயல விரும்பும் இளைஞர்களுக்குச் சில எச்சரிக்கைகள் உண்டு. இரவு இடையில் எழுவதை நாள்தோறும் செய்தால் உறக்கம் கெடும். தேர்வுக் காலத்தில் வேண்டாம். நனவையும் கனவையும் பிரித்தறிவதில் இடர்ப்படும் மனநோய் உடையவர்கள் இதை அணுகவே கூடாது. வாயிலில் நிற்கும்போது தசைத்தளர்ச்சியை விழிப்போடு உணர நேர்ந்தால், கைகால் அசையாது. மார்பில் யாரோ அமர்ந்திருப்பது போலத் தோன்றும். ஊர்ப்புறத்தில் பேய் அமுக்கியது என்பது இதைத்தான். அது சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் தானே விலகும். மூச்சைக் கவனித்திருந்தால் போதும்.

அந்த அமுக்கம் மல்லாந்து படுத்திருக்கும்போதே மிகுதியாக வருகிறது என்று உறக்க ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். வட்டகேரர் இயற்றியதாக வழங்கும் மூலாசாரம், முனிவரின் 28 மூலகுணங்களுள் ஒன்றான தரையில் துயிலும் நோன்புக்கு விதி கூறும்போது, கோல்போல் நீண்டோ வில்போல் வளைந்தோ, ஒருபக்கமாகவே படுக்க வேண்டும் என்கிறது. தமிழகத்துக் குன்றுகளில் உள்ள கற்படுக்கைகள் பலவும் ஓர் ஆள் அவ்வாறு படுக்கும் அகலமே உடையவை.