பின்னட்டையில் என்ன எழுதுவது?

(நம் குடியிருப்பு நூலக மூலைத் தொடக்கத்தில் பேசியது)

நம் அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் பைண்டு செய்த பழைய நாவல்கள். பின்னட்டை வெறுமையாக இருப்பதால் யாரும் எடுப்பதில்லை. நான்கு வரி எழுதி ஒட்டுகிறேன் என்று நானே ஆரம்பித்தேன். வங்கியில் எதையும் விடாமல் எழுதிய பழக்கம். ஒரு துப்பறியும் நாவலுக்குக் கொலையாளி யாரென்றே எழுதிவிட்டேன்! "இனிமே எதுக்கு சார் படிக்கணும்?" என்றார் எதிர்வீட்டு அம்மா.

அன்று புரிந்தது: பின்னட்டைக் குறிப்பு கதைச்சுருக்கம் அல்ல. யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடை. இம்மூன்றும் போதும்.

1950-ல் 'கல்கி'யில் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னுக்கு இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்:

"நோயுற்ற சக்கரவர்த்திக்கு ஓர் ஓலை, இளவரசி குந்தவைக்கு ஓர் ஓலை. இரண்டையும் சுமந்து காஞ்சியிலிருந்து புறப்படுகிறான் வந்தியத்தேவன். வழியில் கடம்பூர் மாளிகையில், நள்ளிரவுச் சதியாலோசனை ஒன்று அவன் காதில் விழுகிறது. ஓலைகள் போய்ச் சேருமா?"

ஐந்து பாகங்களுக்கும் இவ்வளவே. 'அருமை', 'அற்புதம்' எல்லாம் படித்தவர் சொல்லட்டும்.

நீங்களும் படித்த நாவல் ஒன்றுக்கு நான்கு வரி எழுதித் தாருங்கள். முடிவை மட்டும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.